ஆராய்ச்சி மாணவர் இராமானுஜன்

சீனிவாச இராமானுஜனை அறியாத தமிழ் மாணவர் இல்லை. ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார், கல்லூரித் தேர்வில் தவறினார், துறைமுகத்தில் எழுத்தராக இருந்தார், ஆங்கில நாட்டுப் பேராசிரியர் ஹார்டியின் கண்ணில் பட்டுக் கடல் கடந்தார், முப்பத்திரண்டு வயதில் மறைந்தார். இவ்வளவும் நம் பள்ளிப் பாடநூல்களிலேயே உண்டு. ஆனால், மேதை மேதை என்று போற்றிய நாம், அவர் ஆறாண்டுக் காலம் ஓர் ஆராய்ச்சி மாணவராக வாழ்ந்ததைக் கருதிப் பார்ப்பதில்லை. உதவித்தொகை பெற்றார். மூன்று திங்களுக்கு ஒருமுறை அறிக்கை எழுதிக் கொடுத்தார். தாய்மொழி வழங்காத ஊரில், தமக்கு ஒவ்வாத உணவின் நடுவே, ஒற்றை அறையில் இருந்து இரவும் பகலும் உழைத்தார். அந்த மாணவரின் வாழ்க்கையே இக்கட்டுரையின் பொருள். தமிழகத்திற்கு வெளியே வந்து ஆராய்ச்சி செய்யும் நம்மில் பலருக்கு, மேதை இராமானுஜனைவிட மாணவர் இராமானுஜன் நெருங்கிய உறவினர் ஆவார்.

காவிரிக் கரையில்

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில், தாயின் பெற்றோர் இல்லத்தில் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்துத் துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதியவர். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பாடிச் சிறு பொருள் ஈட்டியவர். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் இருந்த சிறிய வீட்டில்தான் அவருடைய இளமை கழிந்தது. நகர உயர்நிலைப் பள்ளியில் முதல் மாணவராக விளங்கினார்; 1904-இல் கணிதத்திற்கெனப் பரிசும் பெற்றார்.

அதற்கு முன்பே அவர் கைக்கு ஒரு நூல் வந்து சேர்ந்திருந்தது. கார் என்பவர் தொகுத்த அந்நூலில் ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்கள் அடுக்கப்பட்டிருந்தன. நிறுவும் வழி பெரும்பாலும் விளக்கப்படவில்லை. இளைஞர் தாமே வழி கண்டு ஒவ்வொன்றாக நிறுவத் தொடங்கினார். அந்நாளிலிருந்து மற்றப் பாடங்கள் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கும்பகோணம் அரசினர் கல்லூரி அளித்த உதவித்தொகை, ஆங்கிலத்தில் தவறியதால் பறிபோயிற்று. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தேறவில்லை, 1907-இல் தனியாக எழுதியபோதும் தோல்வியே கண்டார்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். உதவித்தொகை போனபோது அவர் யாரிடமும் முறையிடவில்லை, யாருடனும் சண்டையிடவில்லை. 1905-இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்குப் போய்விட்டார். மானம் குலைந்தது என்று எண்ணினால் வாய் திறவாமல் அகன்றுவிடுவது அவர் இயல்பு. இந்த இயல்பு கேம்பிரிட்ஜிலும் அவரைத் தொடர்ந்து சென்றது.

எழுபத்தைந்து ரூபாய் உதவித்தொகை

1909-இல் ஜானகி அம்மாளை மணந்தபின் இராமானுஜன் வேலை தேடிப் புறப்பட்டார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த வி. இராமசாமி ஐயர் அவருடைய குறிப்பேட்டைக் கண்டு வியந்தார். நெல்லூர் கலெக்டர் ஆர். இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். பிறர் பொருளில் வாழ்வது இராமானுஜனுக்கு மனநிறைவு தரவில்லை. அதனால் 1912 மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார்.

துறைமுகத்தில் அவருக்கு நல்ல மனிதர்கள் வாய்த்தனர். அலுவலக மேலாளர் நாராயண ஐயர் கணிதம் கற்றவர். மாலையில் வேலை முடிந்ததும் இருவரும் சிலேட்டுப் பலகைகளை எடுத்துக்கொண்டு அமர்ந்துவிடுவர். தாள் விலை அதிகம். ஆகையால் இராமானுஜன் கணக்கைச் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவருக்காகப் பல்கலைக் கழகத்தாரிடம் பரிந்து பேசினார்.

1913 ஜனவரி 16-இல் அவர் ஹார்டிக்கு எழுதிய கடிதமும் அதன் விளைவும் நாம் அறிந்தவை. அதே ஆண்டு மே முதல் நாள் சென்னைப் பல்கலைக் கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. பட்டமே பெறாத ஒருவருக்கு அப்படி வழங்கியது பெரிய செய்தி. மூன்று மாதத்திற்கு ஒருமுறை அறிக்கை தருதல் வேண்டும் என்பது விதி. மூன்று அறிக்கைகள் தந்தார்.

திருவல்லிக்கேணியில் வாழ்ந்த அந்த ஆண்டு அவர் ஆராய்ச்சி வாழ்வில் மிக அமைதியானது எனலாம். அங்கும் அவர் குறைவாக உழைக்கவில்லை. ஆனால் வீட்டில் தாய் இருந்தார், மனைவி இருந்தார். கணக்கில் மூழ்கி உணவை மறந்தால் சோற்றைப் பிசைந்து கையில் வைப்பதற்கு ஆள் இருந்தது. அவருடைய நாளுக்கு ஓர் ஒழுங்கைப் பிறர் அமைத்துக் கொடுத்தனர். தாமாக அமைத்துக்கொள்ள அவர் அதுவரை கற்கவில்லை. கற்க வேண்டிய தேவையும் எழவில்லை.

கேம்பிரிட்ஜ் அறை

1914-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் இராமானுஜன் புறப்பட்டார். குடுமி போயிற்று, கோட்டும் காலணியும் வந்தன. சென்னைப் பல்கலைக் கழகம் ஆண்டுக்கு 250 பவுன் அளித்தது. அதில் ஒரு பகுதியை மாதந்தோறும் வீட்டிற்குக் கொடுக்குமாறு ஏற்பாடு செய்துவிட்டே கப்பல் ஏறினார்.

கேம்பிரிட்ஜ் சேர்ந்ததும் முதல் இரண்டு மாதங்கள் பேராசிரியர் நெவில் இல்லத்தில் தங்கினார். நெவிலும் அவர் மனைவியாரும் விருந்தினரை அன்புடன் பேணினர். ஜூன் மாதம் டிரினிட்டி கல்லூரி விடுதிக்கு மாறினார். ஹார்டியின் அறைக்கு அண்மையில் இருப்பது ஆராய்ச்சிக்கு வசதி. ஆனால் அன்றோடு அவருக்குக் குடும்பத்தின் நிழல் நீங்கியது. ஆகஸ்டு மாதம் உலகப் போர் மூண்டது. லிட்டில்வுட் பீரங்கிப் படைக்குச் சென்றார். இளைஞர்கள் போர்முனைக்குப் போயினர். கல்லூரி முற்றத்திலேயே காயம்பட்ட வீரர்களுக்குப் படுக்கைகள் போடப்பட்டன.

இராமானுஜன் புலால் உண்ணாதவர். கல்லூரிப் பொது உணவுக் கூடத்தில் சமைத்ததை அவர் தொடுவதில்லை. புளியும் பிற பண்டங்களும் சென்னையிலிருந்து வரும். அறையிலேயே அடுப்பு மூட்டிச் சோறும் இரசமும் தாமே ஆக்கிக்கொள்வார். இதில் ஒரு தீங்கு மறைந்திருந்தது. கேம்பிரிட்ஜில் மாணவரும் ஆசிரியரும் கூடிப் பழகும் இடம் உணவுக் கூடமே. அங்குச் செல்லாதவர், நாள்தோறும் மனிதரோடு பேசும் வாய்ப்பையே இழந்துவிடுகிறார். கொள்கை காரணமாக அவர் விலகினார். விலகியதன் விளைவு தனிமையாயிற்று. போர் நீடிக்க நீடிக்கப் பாலும் காய்கறியும்கூடக் கிடைப்பது அரிதாயிற்று.

அவருடைய வேலை முறை கேட்போரை மலைக்கச் செய்வது. முப்பது மணி நேரம் தொடர்ந்து உழைத்துப் பின் இருபது மணி நேரம் உறங்குவார் என்பர். வேலை ஓடும்போது சமைக்கத் தோன்றாது. ஒரு நாளைக்கு ஒரு வேளையே உண்பதும் உண்டு. சமையலும் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ நடக்கும்.

அவருடன் படித்தவர்களுள் மகாலநோபிஸ் ஒருவர். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவியவர். குளிர் தாங்கவில்லை என்று இராமானுஜன் சொல்ல, அவர் அறைக்குச் சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் ஒழுங்காக விரித்து மடித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியவில்லை. மேலாடையைப் போர்த்துக்கொண்டு, மேலே ஒரு சால்வையுடன், அக்கம்பளிகளின் மீது படுத்து நடுங்கியிருக்கிறார். இதைக் கேட்டுச் சிரிப்போர் உண்டு. எண்களின் மறைபொருளை எல்லாம் கண்டவருக்குக் கட்டிலில் படுக்கும் முறை தெரியாமல் போனது வியப்பன்று. வியப்பு என்னவென்றால், அத்தனை நாளும் அவர் யாரிடமும் கேட்கவில்லை. அவரிடமும் யாரும் கேட்கவில்லை.

ஆசிரியரின் நாளும் மாணவரின் நாளும்

உழைப்பின் பயன் பெரிதாகவே இருந்தது. 1915-இல் மிகுபகு எண்களைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை வெளிவந்தது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட மிகுதியான வகுஎண்களை உடைய எண்களை ஆராய்வது அது. 12-க்கு ஆறு வகுஎண்கள் உண்டு. அதற்குக் கீழ்ப்பட்ட எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. இந்த ஆராய்ச்சிக்காக 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகம் அவருக்குப் பி.ஏ. பட்டம் அளித்தது. அந்நாளில் அங்கு டாக்டர் பட்டம் இன்னும் ஏற்படவில்லை. ஆராய்ச்சி மாணவருக்கு உரிய பட்டம் இதுவே.

அடுத்தது எண்பிரிவினை. 4 என்னும் எண்ணைக் கூட்டலாகப் பிரிக்க ஐந்து வழிகள் உள்ளன: நான்கு, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், ஓர் இரண்டும் இரண்டு ஒன்றுகளும், நான்கு ஒன்றுகள். எண் வளர வளர வழிகள் கணக்கின்றிப் பெருகும். 200-ஐப் பிரிக்க 3,972,999,029,388 வழிகள், அதாவது ஏறத்தாழ நான்கு இலட்சம் கோடி! ஒவ்வொன்றாக எண்ணாமலே இத்தொகையைக் காண ஹார்டியும் இராமானுஜனும் வழி வகுத்தனர். மேஜர் மக்மகான் கையால் கணக்கிட்டுப் பெற்ற விடையோடு அவர்கள் வாய்பாடு பொருந்தியது.

இராமானுஜன் நாள்தோறும் ஐந்தாறு புதிய தேற்றங்களோடு ஹார்டியின் முன் வந்து நிற்பார். அவற்றைப் பேசித் தீர்க்கவே பொழுது போதாது. வீடு, உணவு, உறக்கம் ஆகியவை அவர்கள் பேச்சில் இடம்பெறவில்லை. ஹார்டி தம் மாணவரிடம் பேரன்பு கொண்டவர், அதில் ஐயமில்லை. ஆனால் தேற்றம் குறையாமல் வரும்வரை மாணவர் நலமாகவே இருக்கிறார் என்று எண்ணிக்கொள்வது எந்த ஆசிரியர்க்கும் எளிது.

இதில் ஒரு முரண்பாடு உண்டு. ஹார்டியின் பிற்கால நாள் எப்படிக் கழிந்தது என்பதை அவர் நண்பர் சி. பி. ஸ்னோ எழுதியிருக்கிறார். காலை ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை கணிதம்; பிற்பகலில் டென்னிஸ் அல்லது கிரிக்கெட்; பின்பு கூடத்தில் உணவும் உரையாடலும். புதியன படைக்கும் உழைப்புக்கு நாளொன்றுக்கு நான்கு மணி நேரமே எல்லை என்று ஹார்டி கருதினார். லிட்டில்வுட்டும் அத்தகையவரே. மலையேறுதலிலும் இசையிலும் அவருக்கு ஈடுபாடு. அவர் பல ஆண்டுகள் மனச்சோர்வால் துன்புற்று, முதுமையில் மருத்துவத்தால் குணம் கண்டவர். கணித அறிஞர் உழைக்கும் முறையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில், வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு வேண்டும் என்றும், நடைப்பயிற்சி வேண்டும் என்றும் வற்புறுத்தியுள்ளார். உழைப்பையும் ஓய்வையும் சீராக வைத்துக்கொள்ளும் கலை டிரினிட்டியில் இல்லாமல் இல்லை. வகைநுண்கணிதம் போல அதுவும் கற்பிக்கத்தக்க ஒன்று என்பதே யாருக்கும் தோன்றவில்லை. ஆசிரியர் அதைத் தம் குலவழக்கமாகக் கொண்டார். தொலைவிலிருந்து வந்த மாணவருக்கு அது சொல்லித் தரப்படவில்லை.

சொல்லாத வருத்தம்

சாட்டர்ஜி என்னும் வங்க நண்பர் திருமணம் செய்துகொள்ள இருந்தார். மகிழ்ச்சியுற்ற இராமானுஜன் அவரையும் மணப்பெண்ணையும் விருந்துக்கு அழைத்துத் தம் கையால் சமைத்தார். இரசத்தை அவர்கள் விரும்பி உண்டனர்; மறுமுறையும் வாங்கிக்கொண்டனர். மூன்றாம் முறை பரிமாற வந்தபோது பெண்கள் போதும் என்றனர். சிறிது நேரத்தில் இராமானுஜனைக் காணோம். விருந்தினர் காத்திருந்து காத்திருந்து வெளியே தேடினர். அவர் வாடகை வண்டி ஏறிப் போய்விட்டிருந்தார். சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து அவருடைய செய்தி வந்தது. தாம் அளித்த உணவு மறுக்கப்பட்டதாகக் கருதி மனம் புண்பட்டார். அங்கே நிற்க முடியவில்லை.

விசாகப்பட்டினத்திற்குச் சென்ற அதே இளைஞரை இங்கே மீண்டும் காண்கிறோம். இதை வேடிக்கையாகக் கொண்டனர். அவருடைய மனம் எவ்வளவு இறுக்கத்தில் இருந்தது என்பதை யாரும் எண்ணவில்லை.

ஊரிலிருந்து வரும் கடிதங்களும் ஆறுதல் தரவில்லை. மாமியார்க்கும் மருமகளுக்கும் ஒற்றுமை இல்லை. தாம் எழுதிய கடிதங்கள் கணவரைச் சென்றடையவில்லை என்றும், அவர் எழுதியவை தம் கைக்கு வரவில்லை என்றும் ஜானகி அம்மாள் பின்னாளில் கூறினார். மனைவி எழுதவில்லையே என்று கணவர் வருந்த, கணவர் எழுதவில்லையே என்று மனைவி வருந்த, ஆண்டுகள் கடந்தன. வீட்டுக்குத் திரும்ப நினைத்தாலும் கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களின் அச்சம்.

1917-ஆம் ஆண்டு வசந்தத்தில் அவர் நோயுற்றார். மருத்துவர்கள் முதலில் இரைப்பைப் புண் என்றனர். பின்பு எலும்புருக்கி நோய் என்றனர். மெண்டிப் மலையிலும், மாட்லாக்கிலும், லண்டனிலும் விடுதி விடுதியாக மாறினார். மெண்டிப் மலை மருத்துவ விடுதியை நடத்தியவர் சவுரி முத்து என்னும் இந்திய மருத்துவர். பின்னர் 1928-இல் தாம்பரம் காசநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தவர் அவரே. குளிர்ந்த திறந்தவெளிக் காற்றே எலும்புருக்கிக்கு மருந்து என்று கருதிய காலம் அது. வெப்ப நாட்டிலிருந்து வந்து, வேண்டிய உணவும் இன்றி வாடியவருக்கு அந்தக் காற்று எப்படி இருந்திருக்கும்! அதே 1917-இல் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ தேர்தலிலும் அவர் பெயர் வெற்றி பெறவில்லை.

1918-இன் தொடக்கத்தில், லண்டன் சுரங்க இரயில் நிலையம் ஒன்றில், இராமானுஜன் தம் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றார். நிலையக் காவலர் ஒருவர் கண்டு இரயிலை நிறுத்தியதால் காயத்தோடு உயிர் தப்பினார். அந்நாளில் இங்கிலாந்தில் இது சட்டப்படி குற்றம். காவல்துறையினர் அவரைப் பிடித்துச் சென்றனர். ஹார்டி விரைந்து வந்து, இவர் யார் என்பதை எடுத்துரைத்து மீட்டார். இந்நிகழ்ச்சி நெடுங்காலம் வெளியே தெரியாதிருந்தது. ஹார்டியிடம் கேட்டறிந்த நம் வானியல் அறிஞர் சந்திரசேகரே பின்னாளில் உலகுக்குச் சொன்னார்.

இதை மறைத்துப் பேசுவோர், அவர் பெருமைக்கு இழுக்கு நேரும் என்று அஞ்சுகின்றனர். இழுக்கு ஒன்றும் இல்லை. உடல் நைந்து, உணவு குறைந்து, உறவு மறைந்து, பேச ஆளின்றி நின்ற மனம் ஒரு பொழுதில் தன் வலிமையை இழந்தது. அப்படி இழந்த மனம் மீண்டும் வலிமை பெறக்கூடும் என்பதற்கும் அவரே சான்று. அந்த நாளுக்குப் பின் அவருக்கு இரண்டாண்டுகள் கிடைத்தன. அந்த இரண்டாண்டுகளில் விளைந்தவற்றை உலகம் இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது.

மூன்று நாள் தங்கிய நண்பர்

நற்செய்திகள் விரைந்து வந்தன. 1918-இல் இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. அக்டோபரில் டிரினிட்டி ஃபெலோ ஆனார். அக்கல்லூரியில் அந்த நிலை எய்திய முதல் இந்தியர் அவரே. இந்தச் சிறப்புகள் அவருக்கு ஊக்கம் அளித்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வாண்டில் அவருக்கு நிகழ்ந்த நன்மைகளுள் புகழ் பெறாத ஒன்று உண்டு.

இராமலிங்கம் என்னும் தமிழர் அப்போது இங்கிலாந்தில் பொறியாளராகப் பணிபுரிந்துவந்தார். 1914-இல் லண்டனில் இராமானுஜனோடு சிறிது பழகியவர். போரின் நெருக்கடியிலும் நண்பருக்கு உணவுப் பொருள்களை அனுப்பிவந்தார். 1918 ஜூனில் மாட்லாக் விடுதிக்கே நேரில் சென்று மூன்று நாள் உடன் இருந்தார். என்ன உண்கிறார், எவ்வளவு உண்கிறார், எது ஒவ்வவில்லை என்பவற்றை எல்லாம் பார்த்தார். திரும்பியதும் ஹார்டிக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதி நிலைமையைத் தெரிவித்தார். எண்பிரிவினைக்கும் அவருக்கும் தொடர்பில்லை. உடனிருந்தார், கண்ணால் கண்டார், சொல்ல வேண்டியவரிடம் சொன்னார். அவ்வளவே. இராமானுஜனின் வரலாற்றில் இத்தகைய நண்பர் ஒருவரேனும் 1915-இலேயே பக்கத்து அறையில் இருந்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

பின்னர் அவர் லண்டனை அடுத்த புட்னி விடுதிக்கு மாறினார். ஹார்டி வந்து பார்த்ததும், வண்டியின் எண் 1729 என்றதும், இரு முப்படிகளின் கூட்டலாக இருவகையில் அமையும் மிகச் சிறிய எண் அது என்று இராமானுஜன் உடனே விளக்கியதும் எல்லாரும் அறிந்த கதை. அந்தக் கதையில் நமக்கு மற்றொன்றும் தென்படுகிறது. ஆசிரியர் நோயாளியைத் தேடி வந்து, வண்டியின் எண்ணைப் பற்றி வீண்பேச்சுப் பேசுகிறார். முன்னரே அத்தகைய வீண்பேச்சு மிகுந்திருந்தால் நன்றாய் இருந்திருக்கும்.

மீண்டும் தாயகம்

1919 மார்ச்சில் இராமானுஜன் தாயகம் சேர்ந்தார். அதற்கு முன், ஜனவரியில், பல்கலைக் கழகத்தாருக்கு எழுதிய கடிதத்தில், தமக்கென ஒதுக்கிய தொகையில் பெற்றோர்க்கும் தம் செலவுக்கும் போக எஞ்சியதை ஏழை மாணவரின் கல்விக்குப் பயன்படுத்துமாறு வேண்டினார். நோயிலும் தம்மைப் போன்ற மாணவரை அவர் மறக்கவில்லை.

சென்னை, கொடுமுடி, கும்பகோணம், மீண்டும் சென்னை என்று இடம் மாறியும் நோய் நீங்கவில்லை. ஜானகி அம்மாள் இறுதிவரை அருகிருந்து பணிவிடை செய்தார். படுத்தபடியே தாள் தாளாக எழுதினார். 1920 ஜனவரி 12-இல் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் போலித் தீட்டாச் சார்புகள் என்னும் புதிய கண்டுபிடிப்பைத் தெரிவித்தார். ஏப்ரல் 26-இல் சேத்துப்பட்டில் மறைந்தார். அந்தத் தாள்களை 1976-இல் டிரினிட்டி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்தார். தொலைந்த குறிப்பேடு என்று அவற்றை இன்று வழங்குகிறோம்.

மிகுந்த உழைப்பே அவரைக் கொன்றது என்று சொல்வது தவறாகும். அவருடைய நோய் கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994-இல் யங் என்னும் ஆராய்ச்சியாளர் கருத்து வெளியிட்டார். காரணம் எதுவாயினும், ஒழுங்கற்ற உணவும் உறக்கமும் தனிமையும் நோயை எதிர்க்கும் ஆற்றலைக் குறைத்திருக்கும் என்பதை உணரலாம். ஆகவே, முப்பது மணி நேரம் விழித்திருந்ததால்தான் அவர் மேதையானார் என்று எண்ணி அவ்வழியைப் பின்பற்றுவது பேதைமை. திருவல்லிக்கேணியில் வேளைக்கு உண்டு உழைத்த நாளிலும் அவர் மேதையாகவே இருந்தார்.

நமக்கு

நண்பர்களே! நாமும் தமிழ் வழங்காத ஊரில் இருக்கிறோம். மெஸ் உணவு சிலருக்கு ஒவ்வவில்லை. ஆய்வகத்தில் சோதனை மாதக்கணக்கில் கைகூடுவதில்லை. வழிகாட்டும் பேராசிரியர் ஆய்வு எதுவரை வந்தது என்று கேட்கிறார். அதற்கு மேல் அவர் கேட்பதும் இல்லை, நாம் சொல்வதும் இல்லை. வீட்டார் தொலைபேசியில் கேட்டால் நலம் என்கிறோம். உதவித்தொகை முடியும் நாள் நெருங்குகிறது. இவற்றை எல்லாம் மேதைகளின் வழி என்று எண்ணித் தாங்கிக்கொள்ள முயல்கிறோம்.

இராமானுஜனின் வாழ்வு நமக்கு வேறு வழியைக் காட்டுகிறது. கடின வேலைக்கு நாளில் சில மணி நேரம் வைத்து, உணவுக்கும் உறக்கத்துக்கும் நடைக்கும் அவற்றின் நேரத்தைக் கொடுக்க வேண்டும். உணவைத் தனியே அறையில் உண்பதைவிட நால்வரோடு உண்பது நன்று. கம்பளியை விரிக்கத் தெரியாவிட்டாலும், கட்டுரை எழுத வராவிட்டாலும், கேட்பதில் வெட்கம் இல்லை. பேராசிரியரிடம் தேற்றத்தோடு உடல்நிலையையும் சொல்லலாம். பல்கலைக் கழகத்தின் மனநல ஆலோசகரை நாடுவது காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவது போன்றதே. நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதித் தண்டனையினின்று விலக்குகிறது. அவருக்குச் சிகிச்சையும் உதவியும் அளிப்பதை அரசின் கடமை ஆக்குகிறது. மனம் தாளாத வேளையில் 14416 என்னும் எண்ணில் டெலி-மானஸ் உதவியை அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

தனித்திருப்பவரின் பக்கத்து அறையில் இருக்கும் நமக்கும் கடமை உண்டு. இரண்டு நாளாக மெஸ்ஸுக்கு வராத தோழரின் கதவைத் தட்டிப் பார்ப்போம். விருந்தின் நடுவே எழுந்து போனவரைப் பற்றிச் சிரிக்காமல் தேடிப் போவோம். நம் சங்கம் பொங்கலுக்கும் முத்தமிழ் விழாவுக்கும் கூடுவது நல்லதே; அதற்கு இடைப்பட்ட நாள்களிலும் ஒருவர்க்கு ஒருவர் இராமலிங்கமாக இருப்பது அதனினும் நல்லது. இராமானுஜனைப் போலக் கணக்குப் போட நம்மில் எத்தனை பேரால் இயலும்? இராமலிங்கத்தைப் போல மூன்று நாள் உடனிருக்க நம் எல்லாராலும் இயலும்.